சகலையின் முந்நூறும் என் நானூறும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் பெரிய தங்கையின் கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் வீட்டாரும் நலமென்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். நலமில்லையென்றால் உடனே தெரியப்படுத்தவும், இந்தக் கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். போன வருஷம் நான் செய்து அனுப்பிய கண்ணாடியைப் படிக்கும்போது போட்டுக்கொள்கிறீர்களா, அல்லது வழக்கம்போல நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அச்சகம் முழுக்க ஆட்களை விட்டுத் தேடச் சொல்கிறீர்களா? எழுத்துகள் எறும்பு மாதிரி தெரிந்தால் கண்ணாடியை மாற்ற வேண்டும். எறும்பே தெரியாவிட்டால் நேரில் வர வேண்டும்.

நிற்க.

அடுத்த வருஷக் குடும்பக் காலண்டருக்குப் படங்கள் அனுப்பச் சொல்லி நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. அது சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன். இது புகார்க் கடிதம் இல்லை. நான் புகார் சொல்கிற ஆளே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பொறாமை என்று மட்டும் தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். உறவில் யார் எடுத்த படமானாலும் நல்லதாகப் பார்த்து மாதத்துக்கு ஒன்று போடுவேன் என்று சொல்லித்தான் நீங்கள் இந்தக் காலண்டரை ஆரம்பித்தீர்கள். முதல் வருஷம் எனக்கு ஆகஸ்ட் கிடைத்தது. என் ஆகஸ்டைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அடுத்த வருஷம் நவம்பருக்குப் போனேன். அதற்கடுத்த வருஷம் உங்கள் சின்னத் தங்கையின் கணவர், அதாவது என் சகலை, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், வாழ்க்கையில் பாதி நேரம் இருட்டுக் கிணறு போன்ற இடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், திடீரென்று ஒரு கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து காலண்டர் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. இந்த வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டும் அவருடையது. என்னுடையது ஒன்றே ஒன்று இருக்கிறது. பின் அட்டையில், உங்கள் அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில், தபால் தலை அளவில். அது மலை. எங்கள் கடைக்கு வந்த ஒருவர் அதைத் துவைக்கப் போட்ட துணி என்று நினைத்தார்.

இதில் எனக்கு ஏன் வலிக்கிறது என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் மச்சான். இருபத்தெட்டு வருஷமாக லென்ஸ்தான் என் பிழைப்பு. சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை ஏற்றி, வட்ட வட்டமாக லென்ஸைச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு இந்த ஊரில் பாதிப் பேருக்கு உலகத்தைக் காட்டியவன் நான். லென்ஸைப் பற்றி ஒருவருக்குத் தெரியும் என்றால் அது எனக்குத் தெரிய வேண்டும். லிஃப்ட் நின்றுபோனால் நான் போய் அதற்குள் தலையை விடுகிறேனா?

அதுகூடப் பரவாயில்லை. மார்ச் மாதம்தான் பொறுக்க முடியவில்லை. மார்ச் மாதத்தில் என் மனைவி சிரிக்கிறாள். போன வருஷம் நாங்களும் சகலை தம்பதியுமாக நால்வரும் பெரிய படகில் தீவுக்குப் போனபோது எடுத்தது. மேல்தளத்தில் நிற்கிறாள், காற்றில் தலைமுடி ஒரு பக்கம் பறக்கிறது, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண் இடுங்க, கைகூட வாயை மூட வரும் வழியில் பாதியில் நிற்கிறது. அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் அவளை ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்திருக்கிறேன். என் கேமராவைப் பார்த்ததும் அவள் பாஸ்போர்ட் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல நேராகப் பார்ப்பாள். இப்போது அந்தச் சிரிப்பு என் வீட்டுக் கூடத்தில் என் நாற்காலிக்கு எதிரில் தொங்குகிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதன் முன்னால் நின்று, "அடடா, யாரு எடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உங்கள் தங்கை குரல் கொடுக்கிறாள்: "என் தங்கச்சி வீட்டுக்காரர்!" ஏப்ரல் பிறந்ததும் தாளைத் திருப்பினேன். அவள் அதை மறுபடியும் மார்ச்சுக்கே திருப்பி வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஆறு மாதமாக மார்ச்தான் நடக்கிறது. இதனால் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி தருவதாகச் சொன்ன தேதியையே தப்பாகச் சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். ஆளில் கோளாறு இல்லை, கருவியில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்தேன். நான் வெளியூர் போனால் மூன்று லென்ஸ் கொண்டுபோகிறவன். கிட்டத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. அந்தப் பையைத் தூக்கி நடந்தால் என் இடது தோள் வலது தோளை விட இரண்டு விரல்கடை இறங்கிவிடும். கிட்டத்தில் ஒரு அழகான காட்சி வரும்போது என் கேமராவில் தூரத்து லென்ஸ் இருக்கும். அதைக் கழற்றி, மூடியை வாயில் கவ்வி, இன்னொன்றை மாட்டி நிமிர்ந்தால் காட்சி பஸ் ஏறிப் போயிருக்கும். சகலையோ ஒரே ஒரு லென்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். அதனால் அவருக்கு போன் போட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "அது என்ன லென்ஸு சகலை?" என்று கேட்டேன்.

"அதுவா? பதினெட்டுலேருந்து முந்நூறு வரைக்கும் போவும். எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். ஏன், வாங்கப் போறீங்களா?"

"சேச்சே, கடையில ஒருத்தர் விசாரிச்சாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கணமே என் மனதில் ஒரு எண் வந்து உட்கார்ந்துகொண்டது. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்; எனக்கு வேண்டியது முந்நூறுக்கு மேல் எது இருக்கிறதோ அது.

கேமராக் கடையில் கட்டை முடி வெட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "ஊர் சுத்தப் போறப்ப எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி ஒரே லென்ஸ் வேணும்மா" என்றேன். "என்ன எடுப்பீங்க சார்?" என்றாள். சகலையைத் தோற்கடிக்கிற மாதிரி எதுவானாலும் எடுப்பேன் என்று சொல்ல முடியுமா? "மனுஷங்க, கட்டடம், மலை, அப்புறம் பறவை" என்றேன். பறவையை எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பட்டியல் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று தோன்றியது. அவள் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று நடுத்தரமானது, தடிமன், கண்ணாடி நல்ல வெளிச்சம் வாங்கும். இரண்டாவது சின்னது, நூற்றைம்பது வரை போகும், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாவதுதான் பதினெட்டிலிருந்து நானூறு வரை. அவள் ஒவ்வொன்றையும் என் கேமராவில் மாட்டி, வாசலைப் பார்க்கச் சொல்லி, "சார், இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டாள். மச்சான், இருபத்தெட்டு வருஷம் நான் கேட்ட கேள்வி. முதல் தடவையாக அந்தப் பக்கம் இருந்து அதை என் காதால் கேட்டேன். தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, "இன்னொரு தடவை காட்டும்மா" என்றேன். என் வாடிக்கையாளர்கள் அப்படிச் சொல்லும்போது மனதுக்குள் நான் திட்டியதையெல்லாம் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவள் நல்ல பெண். ஒளிக்காமல் சொன்னாள். "ஊருக்குப் போறவங்க எடுக்கிற படத்துல முக்கால்வாசி கிட்டத்துலதான் சார் இருக்கும். இந்த நானூறு, கடைசி வரைக்கும் இழுத்தா கொஞ்சம் மங்கும், வெளிச்சம் வேற கம்மியா வாங்கும். கனமும் ஜாஸ்தி. எல்லாத்தையும் ஒண்ணுலயே குடுக்கிறப்ப ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் குறையும் இல்லையா? சின்னதை எடுத்துக்கோங்க, கழுத்துல கிடக்கிறதே தெரியாது." இதே வார்த்தைகளை, தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் நான் சொல்கிறேன். கேட்காமல் வாங்கிக்கொண்டு போய், மூன்றாம் நாள் மாடிப்படியில் தடுமாறிவிட்டு வருவார்கள். அதெல்லாம் எனக்கு நன்றாக நினைவுக்கு வந்தது. "நானூறையே போடும்மா" என்றேன்.

கடைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னுடைய எழுத்து அட்டையையே படமெடுத்துப் பார்த்தேன். பதினெட்டில் வைத்தால் அட்டை, சுவர், மின்விசிறி, நாற்காலி எல்லாம் வந்தது. நூறில் கடைசி வரி வரை படித்தது. நானூறுக்காகக் கதவைத் திறந்து அட்டையைத் தெருக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினேன், முதல் நாலு வரிக்கு மேல் படிக்கவில்லை. அது மட்டும் ஒரு மனிதனாக இருந்திருந்தால் உட்கார வைத்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருப்பேன். கூடவே அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் லென்ஸ் தானாகவே மெல்ல மெல்லக் கீழே நீண்டு முழங்கையளவுக்கு வந்து நிற்கும். உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "என்னங்க இது, தும்பிக்கை மாதிரி?" என்றாள். "நானூறு" என்றேன். "நானூறு என்ன?" என்றாள். நான் தும்பிக்கையை உள்ளே தள்ளிப் பையை மூடினேன்.

போன மாதம் மறுபடியும் நால்வரும் கிளம்பினோம். துறைமுகம் உள்ள சின்ன ஊர், மூன்று நாள். ரயில் நிலையத்தில் சகலை எதிரே வருகிறார். நான் லென்ஸை முழுசாக நீட்டி, தற்செயலாகத் தொங்குவதுபோலத் தொங்கவிட்டு நின்றேன். அவர் கேமராவைப் பார்த்தேன். முந்நூறைக் காணோம். அதன் இடத்தில் பிஸ்கட் கனத்தில், தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு லென்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க சகலை உங்க முந்நூறு?"

"வித்துட்டேன் சகலை. இதுல ஜூமே கிடையாது. கிட்டத்துல வேணும்னா ரெண்டு அடி முன்னால போறது, தூரத்துல வேணும்னா ரெண்டு அடி பின்னால வர்றது. காலு எதுக்கு இருக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது மச்சான். நான் ஒரு மனிதரை முந்துவதற்காக மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தால் அவர் பந்தயத்தை விட்டே இறங்கி, வேப்பங்காற்று வாங்குகிற மாதிரி ஓரமாக நிற்கிறார். அப்புறம் என் லென்ஸைப் பார்த்து, "அடேங்கப்பா! இது எதுக்கு சகலை, நிலாவுக்கா?" என்று கேட்டார். உங்கள் சின்னத் தங்கை சிரித்தாள். உங்கள் பெரிய தங்கையும் சிரித்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இரண்டாம் நாள்தான் அந்தக் கலங்கரை விளக்கம். மேலே ஏறினால் கடலும் ஊரும் முழுசாகத் தெரியும் என்றார்கள். நானூறுக்கு ஏற்ற இடம் இதுதான் என்று எனக்கு ஒரே உற்சாகம். மற்ற மூவரும் முழங்கால் வலி என்று கீழேயே தங்கிவிட்டார்கள். நான் மட்டும் குறுகலான சுழல் படிகளில் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறினேன். மேலே போய்ப் படகுகளை எடுத்தேன், தூரத்துக் கிரேனை எடுத்தேன், பறவை என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தேன். அப்புறம் லென்ஸைக் கீழே திருப்பினேன். துறைமுகச் சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் சகலை, இரண்டு பக்கமும் உங்கள் தங்கைகள். அவர் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டி ஏதோ நடித்துக் காட்டுகிறார். என் மனைவி சிரிக்கிறாள். அதே மார்ச் மாதச் சிரிப்பு. நானூறில் அவள் பல் வரிசைகூடத் தெரிந்தது. ஆனால் சத்தம் கேட்கவில்லை. எத்தனை தூரம் இழுத்தாலும் அந்த லென்ஸில் சத்தம் வராது. நான் அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் கனத்தில் நாற்பது படமும் ஆடிப்போய்விட்டது. அந்த உயரத்தில் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே தனியாக நின்றுகொண்டு என் பெண்டாட்டி சிரிப்பதை ஒரு திருடன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

விடுவிடென்று இறங்கினேன். அந்த வேகத்தில் லென்ஸ் தன் வழக்கப்படி நீண்டுகொண்டது. வளைவில் எதிரே ஏறி வந்த பெரியவர் ஒருவரின் தொப்பியை அது தட்டிவிட்டது. தொப்பி படிப்படியாகக் குதித்துச் சுழன்று கீழே போனது. "மன்னிச்சுக்கோங்க, நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டு நான் பின்னால் ஓட, "நில்லுய்யா, நில்லுய்யா" என்று அவர் என் பின்னால் ஓடி வர, தொப்பி வாசலைத் தாண்டி உருண்டு பெஞ்சடியில் போய் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. அவர் போனபிறகு, "என்ன சிரிப்பு இங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே அத்தான்" என்றாள் உங்கள் சின்னத் தங்கை, மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். ஒன்றுமில்லை என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னால் அதில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அறைக்கு வந்தோம். கட்டிலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்தேன். ஏற்கனவே சுத்தமாக இருந்ததையே மறுபடி மறுபடி துடைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? ரெண்டு நாளா மூஞ்சிய உர்ருனு வெச்சிருக்கீங்க."

"அவர் எடுத்தா சிரிக்கிற. நான் எடுத்தா நிக்கிற" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன மிகச் சிறிய புகார் அதுதான்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்க எடுக்கறப்ப எப்படிங்க சிரிக்கிறது? கொஞ்சம் இப்படித் திரும்பு, தலையத் தூக்கு, இரு வெளிச்சம் போயிடுச்சு, இரு லென்ஸ மாத்தறேன், இரு இது வேணாம் பழசையே போடறேன். நீங்க ரெடியாவறதுக்குள்ள என் மூஞ்சி எனக்கே மறந்து போவுது. சிரிக்கிறதுக்கு எதிர்ல ஒரு மனுஷன் வேணாமா? அங்க இருக்கிறது வெறும் பைதானே?"

"அப்போ படகுல மட்டும் எப்படிச் சிரிச்ச?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அன்னிக்கு நான் எதப் பாத்துச் சிரிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"அவர் ஏதோ சொல்லியிருப்பார்."

"அவரா? அவர் பாவம், வாயவே தொறக்கல. நீங்க அவருக்குப் பின்னால நின்னுக்கிட்டு லென்ஸ் மாத்திக்கிட்டிருந்தீங்க. வாயில மூடி, அக்குள்ல ஒரு லென்ஸ், கையில ஒரு லென்ஸ். அப்போ டிக்கெட் பாக்கிறவர் வந்து 'டிக்கெட்'னு கையை நீட்டினாரு. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம அவர் கையில லென்ஸ வெச்சீங்க. அவரும் டிக்கெட்டுல என்ன போட்டிருக்குன்னு பாக்கிற மாதிரி அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் 'சரி, போங்க'ன்னு திருப்பிக் குடுத்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையோடு கட்டிலில் சாய்ந்துவிட்டாள். அதே சிரிப்பு, என் கைக்கெட்டும் தூரத்தில். என் கேமராவின் மூடிகூடத் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவுமில்லை. "இன்னிக்கு பெஞ்சுல அத்தனையும் இதேதான். உங்க சகலை உங்கள மாதிரி நடிச்சுக் காட்டினாரு. தொப்பி உருண்டு வந்தது வேற. அந்தப் பெரியவர் மட்டும் இல்லன்னா அங்கயே விழுந்து உருண்டிருப்போம்."

மறுநாள் காலை துறைமுகத்தில் சகலையைத் தனியாகப் பிடித்தேன். "மார்ச் மாதம் அவ என்னைப் பாத்துத்தான் சிரிச்சாளாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "தெரியாம என்ன சகலை? என் தொழில் ரகசியமே அதுதான். எங்க போனாலும் உங்களப் பின்னால விட்டுட்டு, உங்களப் பாக்கிறவங்க மூஞ்சிய எடுத்துடுவேன்."

"ஜனவரியில பெஞ்சுல ரெண்டு கிழவங்க சிரிக்கிறாங்களே, அது?"

"நீங்க குளத்தோரம் குப்புறப் படுத்து வாத்த எடுத்தீங்க. இன்னொரு வாத்து வந்து உங்க பை மேல ஏறி உக்காந்துச்சு."

"ஜூலை? அந்தப் பள்ளிக்கூட டீச்சர்?"

"நீங்க கேமராவுல கண்ணை வெச்சுக்கிட்டே பின்னால பின்னால நடந்து போயி தபால் பெட்டி மேல இடிச்சு, அதுகிட்ட ஸாரி கேட்டீங்க."

இப்படி ஒவ்வொரு மாதமாகச் சொன்னார். செப்டம்பரை மட்டும் சொல்ல மறுத்தார், எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. கோபப்பட வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கோபத்தைத் தேடினால் அகப்படவில்லை, அதன் இடத்தில் ஒரு கர்வம் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் அழுத்தியது பொத்தான். அவ்வளவுதான். அந்த முகங்களை மலர வைத்தது யார்? ஆகவே மச்சான், அடுத்த காலண்டரில் சகலையின் படங்கள் வந்தால் ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் "படம்: சின்ன மாப்பிள்ளை, சிரிப்பு: பெரிய மாப்பிள்ளை" என்று போட வேண்டும் என்பது என் ஒரே கோரிக்கை. எழுத்து மிகச் சின்னதாக இருந்தால் படிக்க முடியாதவர்களை எங்கள் கடைக்கு அனுப்பி வைக்கவும்.

திரும்பி வந்ததும் நானூறைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன லென்ஸையே மாற்றி வாங்கிக்கொண்டேன். கட்டை முடிப் பெண் என்னைப் பார்த்ததும், "போன வாரமே வருவீங்கன்னு எதிர்பார்த்தேன் சார்" என்றாள். இப்போது கழுத்தில் ஒரு கனமும் இல்லை. முந்தாநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உங்கள் தங்கையைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படம் எடுத்தேன். சிரிப்பு இல்லை, கொட்டாவி. ஆனால் முழுக்க முழுக்க நான் எடுத்த கொட்டாவி. பாஸ்போர்ட் ஆபீஸ் முகம் அதில் இல்லவே இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். போடத்தான் வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. பன்னிரண்டு மாதத்தையும் சகலைக்கே கொடுத்தாலும் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. என் மனம் தெளிந்துவிட்டது, இந்தப் போட்டியிலிருந்து நான் மனமுவந்து விலகிக்கொள்கிறேன். அவர் நல்லவர், திறமைசாலி, என் உடன்பிறப்பு மாதிரி.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். உங்கள் அச்சகத்து இயந்திரம் ஓயாமல் ஓடட்டும், உங்கள் கண்ணாடி நெற்றியை விட்டு மூக்குக்கு இறங்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
பெரிய தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்தாள். "யாருக்கு?" என்றாள். "உங்க அண்ணனுக்கு, காலண்டர் விஷயமா" என்றேன். "காலண்டரா? அதான் முடிஞ்சுபோச்சே. நானும் தங்கச்சியும் போன்ல எடுத்து வெச்சிருந்ததையெல்லாம் போன வாரமே அண்ணனுக்கு அனுப்பிட்டோம். பன்னெண்டும் இதுதான், வேற யார் படமும் வேணாம்னு சொல்லிட்டாரு. பாத்துட்டு அச்சு மெஷினையே நிறுத்திட்டுச் சிரிச்சாராம்" என்றாள். "அப்போ நானும் சகலையும்?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் கேமராவோட அடிக்கிற கூத்துதானே பன்னெண்டு மாசமும், அட்டையிலயும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்த வேண்டாம். விலகிக்கொள்கிறேன் என்று சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடிவான படங்களை மாற்றச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும், சகலைக்குத் தெரியாமல், மறு தபாலில் எழுதவும்: அட்டைப் படத்தில் ஃபோகஸ் யார் மேல் இருக்கிறது, என் மேலா, அவர் மேலா?